காட்டுக்கு ஒரு சிரமதானம்

அம்பிட்டியவில் எங்கள் ஒழுங்கை மேட்டில் ஏறி, இரண்டு இடங்களில் வளைந்து, கடைசியில் எங்கள் வீட்டு வாசலோடு முடிந்துவிடும். அதற்கு மேலே காடு. காடு என்றதும் யானையையும் சிறுத்தையையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தேயிலை வைக்கச் சரிவு அதிகம் என்று ஒரு காலத்தில் விட்டுவைத்த துண்டு அது. பிறகு வந்தவர்கள் வீடு கட்டவும் சரிவு அதிகம் என்று விட்டுவைத்தார்கள். பலா, கித்துள், காட்டு மா, நாவல், ஒரு மூங்கில் புதர், அவற்றின் காலடியில் எனக்குப் பெயர் தெரியாத பற்றைகள், மழைக் காலத்தில் அட்டைகள். ஒருவருக்கும் பிரயோசனம் இல்லாத இடம் என்று எல்லோரும் நம்பியதால் அது பத்திரமாக இருந்தது.

காட்டின் அடியில் ஒரு பாறை இடுக்கில் ஊற்று. அதிலிருந்து கறுப்புக் குழாய் போட்டு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சீமெந்துத் தாங்கிக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒழுங்கையின் ஐந்து வீடுகளுக்கும் பிரித்திருந்தோம். நகரத்துக் குழாய்த் தண்ணீருக்கு எங்கள் மேட்டில் ஏறத் தெம்பு கிடையாது. அது பிரதான வீதியோடு நின்றுவிடும்.

அந்த ஊற்றுத் தண்ணீரில்தான் என் மனைவி பிழைப்பு நடத்தினாள். அவள் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பொருளாதார நெருக்கடியில் நாட்டில் எல்லோருடைய பையும் காலியான அந்த நாட்களில், நான் கண்டியில் படிப்பித்துக்கொண்டிருந்த டியூஷன் வகுப்பில் பிள்ளைகள் பாதியாகக் குறைந்துபோனார்கள். அப்போது அவள் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பெரிய அண்டாக்களை வாங்கி வந்து, சோற்றுப் பார்சல் போடத் தொடங்கினாள். பருப்பு, போஞ்சிக் கறி, கருவாடு, தேங்காய்ச் சம்பல். விடுதிப் பிள்ளைகளும் கடைகளில் வேலை செய்பவர்களும் வாங்கினார்கள். சில மாதங்களில் எங்கள் வீட்டில் சம்பாதிப்பது அவள், பேசுவது நான் என்று ஆகிவிட்டது. அரிசி கழுவவும் கீரை அலசவும் அண்டா தேய்க்கவும் விடிவதற்கு முன்பிருந்தே குழாய் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் அவளும் நிற்க வேண்டியதுதான்.

நான் புவியியல் படிப்பிக்கிறவன். காடுகளின் முக்கியத்துவம் என்ற பாடத்தை எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மழைநீரைத் தேக்கும், மண்ணரிப்பைத் தடுக்கும், உயிரினங்களுக்கு உறைவிடம் அளிக்கும் என்று நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். பரீட்சையில் அதையே திருப்பி எழுதிப் புள்ளி வாங்குவார்கள். பிறகு அவர்களும் மறந்துவிடுவார்கள், நானும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

டெங்குக் காலம் ஒன்றில் எங்கள் ஒழுங்கைக்குச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். வீடு வீடாகப் புகுந்து பூச்சாடி, சிரட்டை, பழைய டயர் என்று எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தார். ஒரே ஒரு வீட்டில் மட்டும் டெங்குவைப் பரப்பும் நுளம்பின் புழுவைப் பிடித்தார். அது எங்கள் ஒழுங்கைச் சங்கத் தலைவரின் வீடு.

தலைவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கந்தோரில் கணக்காய்வு செய்து ஓய்வு பெற்றவர். அம்பிட்டியவுக்கு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் மனதுக்குள் இன்னும் மணல் முற்றத்தில்தான் வாழ்ந்தார். விடிந்ததும் ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்து முற்றத்தை அரைவட்டம் அரைவட்டமாகக் கூட்டுவார். அந்தக் கோடுகள் மாலைவரை அழியக் கூடாது. தபால்காரர் அதில் கால் வைத்தால்கூட அவருக்கு நெஞ்சு பதைக்கும். அப்படிப்பட்ட மனிதரின் கூரைப் பீலியில், இலை அடைத்து நின்ற தண்ணீரில், புழு நெளிந்தது. பரிசோதகர் அதை ஒரு குப்பியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, பக்கத்து வீட்டார் எல்லோரும் மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் அன்று மதியம் சாப்பிடவில்லை என்று கேள்வி.

அந்த வாரமே சங்கக் கூட்டம். தலைவர் வீட்டு விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தன. தலைவர் ஒரு காய்ந்த பலா இலையைக் கொலைகாரனின் கத்தியைக் காட்டுவதுபோலத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கோ, இந்த இலை என்ர வளவிலை முளைக்கேல்லை. மேலை காட்டிலையிருந்துதான் வந்து என்ர பீலியிலை விழுந்தது. நாங்கள் கீழை கூட்டிக்கொண்டு இருக்கிறம், மேலை குப்பை குவிஞ்சுபோய்க் கிடக்குது. காட்டைத் துப்புரவாக்காமல் நுளம்பை ஒழிக்கேலாது."

பிலிமத்தலாவையில் வீட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், உடனே தலையாட்டினார். அவர் எங்களுக்கு அடுத்த வீடு. "சரியான பேச்சு ஐயா. நம்மட ஊடு மட்டும் சுத்தமா இருந்து என்ன செய்ற? நான் கடையில இருந்து விளக்குமாறு கொண்டு வாரன். வாங்கின வெலைக்கே தாரன்."

மற்ற இரண்டு வீட்டாரும் சம்மதித்தார்கள். நாள் அடுத்த போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, என்று தீர்மானமானது. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. போயா நாட்களில் டியூஷன் கிடையாது. மாதத்தில் நான் உருப்படியாகத் தூங்குவது அன்று ஒரு நாள்தான். ஆகவே எழுந்து ஆட்சேபம் தெரிவித்தேன்.

"காட்ட எப்படிங்க ஐயா கூட்டுறது? இன்னைக்குக் கூட்டுனா நாளைக்கும் இலை விழுமே?"

"விழுந்தால் திரும்பவும் கூட்டுறது. முற்றத்திலை இலை விழேல்லையோ? நாங்கள் கூட்டேல்லையோ?" என்றார் தலைவர். "நீர் படிப்பிக்கிற ஆளெல்லோ தம்பி. பிள்ளையளுக்கு ஒரு முன்மாதிரியாய் நிக்க வேண்டாமோ?"

நான் உட்கார்ந்துவிட்டேன். பிற்காலத்தில் ஒழுங்கையில் சிலர், அன்றைக்கே எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் சேர்தான் என்று என்னைப் பெருமையாகச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் உண்மையில் அன்று நான் காப்பாற்ற நினைத்தது என் தூக்கத்தை மட்டும்தான்.

சிரமதானம் என்பது எங்கள் நாட்டில் புனிதமான சொல். நாலு பேர் சேர்ந்து கூலி வாங்காமல் வேலை செய்தால் அது புண்ணியம். என்ன வேலை, எதற்காக என்று நடுவில் ஒருவன் கேட்டால், சாமி ஊர்வலத்தைப் பாதியில் மறித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். போயா அன்று காலையில் ஒழுங்கையே திரண்டது. மூங்கிலுக்கும் நாவலுக்கும் இடையில் பதாகை கட்டினார்கள். அட்டை ஏறாமலிருக்கக் கால்களில் சவுக்காரம் பூசிக்கொண்டோம். நானா கொண்டுவந்த புது விளக்குமாறுகளைத் தோளில் வைத்து வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம். பிறகு காட்டுக்குள் புகுந்து கூட்டத் தொடங்கினோம்.

முதலில் பற்றைகளை வெட்டினார்கள். பிறகு இலைகளை வாரினார்கள். மேலே கிடந்தவை மொறுமொறுவென்று வந்தன. அதற்குக் கீழே ஈரமான கறுப்பு இலைகள், ஒன்றோடொன்று ஒட்டி, கம்பளம் மாதிரி உரிந்தன. அதற்கும் கீழே வெள்ளை நூல் ஓடிய, மண்ணா இலையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. அதிலிருந்து மண்புழு, மரவட்டை, நத்தை, சுண்டுவிரல் அளவு தவளை, விதவிதமான காளான், பெயர் தெரியாத பூச்சிகள் எல்லாம் வெளியே வந்தன. ஒவ்வொன்று வெளிவரும்போதும் எங்கள் கூட்டத்துக்கு வெறி கூடியது. இவ்வளவு உயிர் இருக்கிறதென்றால் இடம் எவ்வளவு அசுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு.

"அல்லாஹ்வே, எவ்ளோ பூச்சி!" என்றார் நானா. "இவ்ளோ நாளும் இதுக்குக் கீழதானே நாம இருந்திருக்கோம்."

உயிரினங்களுக்கு உறைவிடம் அளிக்கும் என்ற என் பாடத்தின் மூன்றாவது விடை எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்து என்ன? நானும் வாரிக்கொண்டுதான் இருந்தேன்.

மதியத்துக்கு என் மனைவி எல்லோருக்கும் பார்சல் போட்டு, காசு வேண்டாம் என்று சொல்லி மேலே கொண்டுவந்தாள். பலா மரத்தின் வேர்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. ஊற்றுப் பாறை வெயிலில் பளிச்சென்று நின்றது. அவள் பார்சல் கூடையை இறக்காமல் அப்படியே நின்றாள்.

"என்னங்க இது? இப்படி மொட்டையடிச்சு விட்டுட்டீங்க?"

தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "ஓம் பிள்ளை, இப்பதான் வடிவாயிருக்குது" என்றார்.

இலைகளைக் குவித்துக் கொளுத்தினோம். அன்று மாலைவரை ஒழுங்கை முழுதும் புகை. எல்லோரும் இருமிக்கொண்டே ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து குவிந்தன. கூட்டிய காடு தலைவரின் முற்றம் மாதிரியே இருந்தது. தரையில் அரைவட்டக் கோடுகள்கூடத் தெரிந்தன. கீழ் ஒழுங்கைக்காரர்கள் வந்து பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு போயாவும் முறைவைத்துக் கூட்டினோம். நுளம்பு குறைந்துவிட்டது என்று தலைவர் அறிவித்தார். குறையவில்லை என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. முன்பெல்லாம் எவ்வளவு மழை பெய்தாலும் எங்கள் தாங்கியில் தண்ணீர் தெளிவாகவே விழும். அந்த முறை முதல் மழைக்கே குழாயில் பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் வந்தது. காட்டிலிருந்து செம்மண் கரைந்து ஒழுங்கை வழியாக ஓடி, தலைவரின் முற்றத்துக் கோடுகளை ஒரு நிமிடத்தில் மூடியது. என் மனைவி குழாய் வாயில் துணி கட்டினாள். துணி அடைத்துக்கொண்டது. துணியை மாற்றினாள். தண்ணீரைத் தெளியவைத்து, மேலாக மொண்டு, கொதிக்கவைத்துச் சமைத்தாள். அப்படியும் சோறு ஒரு மாதிரி மங்கலாக இருந்தது. விடுதிப் பிள்ளைகள் சிவப்பரிசியா அக்கா என்று கேட்டார்களாம். அவள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் மழைக்குள் குடை பிடித்து மேலே ஏறிப் பார்த்தேன். பாடத்தில் நான் அம்புக்குறி போட்டுக் காட்டும் படம் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. மரங்களின் கொப்பில் மழை தட்டுப்பட்டு மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் கீழே வந்து தங்குவதற்கு ஒன்றுமில்லை. முன்பு அந்த அழுகல் இலைப் படுக்கை ஈரச் சாக்கு மாதிரி மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். மண்புழு போட்ட துளைகளாலும் வேர் போன வழிகளாலும் அது துளித்துளியாக உள்ளே இறங்கும். வருடம் முழுவதும் பாறை இடுக்கால் எங்கள் தாங்கிக்கு வந்தது அந்த மழைதான். இப்போது தரை இறுகிக் கிடந்தது. பெய்த மழையெல்லாம் நிற்காமல் சரிவில் இறங்கி ஓடியது. நாங்கள் குப்பை என்று வாரிக் கொளுத்தியதுதான் எங்கள் தண்ணீர்த் தொட்டி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "மண் வருகுது எண்டால் நாங்கள் வடிவாய்க் கூட்டேல்லை எண்டுதான் அர்த்தம் தம்பி" என்றார்.

தைப் பொங்கலுக்குப் பிறகு வெயில் பிடித்தது. மற்ற வருடங்களில் மாசியில்கூட ஊற்று மெலியுமே தவிர நிற்காது. அந்த வருடம் பொங்கல் கழிந்து கொஞ்ச நாளிலேயே கயிறாக இருந்தது நூலாகி, நூல் சொட்டாகி, ஒருநாள் காலை குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது. தண்ணீர்ப் பவுசர் லொறியைக் கூப்பிட்டோம். எங்கள் ஒழுங்கையில் அது ஏறாது. வளைவோடு நின்று ஹோர்ன் அடிக்கும். வாளிகளோடு ஓடுவோம். பிடித்த தண்ணீரை வைக்கப் பாத்திரம் போதவில்லை. நானா பிலிமத்தலாவைக் கடையிலிருந்து நீலநிறப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் கொண்டுவந்தார். வாங்கின விலைக்கே தந்தார். ஆக, முதலில் விளக்குமாறு, பிறகு பீப்பாய், அதன் பின் நுளம்பு வலை என்று அந்த வருடம் எங்கள் ஒழுங்கைக்கு அவர் கடையிலிருந்து வராத சாமான் கிடையாது.

நுளம்பு வலை எதற்கு என்றால், ஐந்து வீடுகளிலும் வரிசையாக நின்ற பீப்பாய்களில் நுளம்பு சந்தோஷமாகக் குடியேறியிருந்தது. அதற்குக் காட்டுக்குப் போக வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. தலைவருக்கு டெங்கு வந்தது. பெரியாஸ்பத்திரியில் வலைக்குள் படுத்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். "இந்தப் போயாவுக்குக் காடு கூட்டியாச்சோ?" என்று கேட்டிருந்தார். எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் கோபமும் வந்தன. அந்த மனிதரின் மேல் பாவமாகவும் இருந்தது. ஒருவரும் கூட்டப் போகவில்லை. வாளி தூக்கியே எல்லோருக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

டெங்கு வந்த வீடு என்றதும் பரிசோதகர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை எல்லா வீட்டுப் பீப்பாய்களிலும் புழு. மற்றவர்களை எச்சரித்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் நின்றார். நுளம்பைப் பார்ப்பவரும் விற்பனைச் சமையலைப் பார்ப்பவரும் ஒரே அதிகாரிதான் என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. சமையலறை வாசலில் வரிசையாக நின்ற பீப்பாய்களையும் அடுப்பில் இருந்த அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர். சிங்களத்தில் மரியாதையாகவே சொன்னார்: ஓடுகிற குழாய்த் தண்ணீர் வரும்வரை இங்கே விற்பதற்குச் சமைக்கக் கூடாது.

"தண்ணி வரும் மாத்தயா, மழை வந்தா வந்துரும்" என்றாள் என் மனைவி. அவள் குரலில் அப்படியொரு கெஞ்சலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வரட்டும், வந்ததும் சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். அன்றைக்குப் போட்ட பார்சல்களை அவள் கீழே கொண்டுபோகவில்லை. நாங்களும் அக்கம்பக்கத்தாரும் சாப்பிட்டோம்.

மழை வந்தது. கலங்கலாக ஓடிப்போனது. தாங்கி நிறையவில்லை. விடுதிப் பிள்ளைகள் சில நாள் தொலைபேசி எடுத்துக் கேட்டார்கள். பிறகு அவர்களுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. நானாவுக்கு மனது கேட்கவில்லை போலும். "தங்கச்சி, நம்மட கடையில பில் போட ஒரு ஆள் தேவையா இருக்கு. வாங்களேன்" என்று கூப்பிட்டார். அவள் போனாள். விடிந்ததும் கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பிலிமத்தலாவைக்கு ஒரு பஸ், இருட்டிய பிறகு வீடு. அண்டாக்களை ஒரு கல்யாணச் சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டாள். அவர் வந்து தூக்கிக்கொண்டு போகும்போதுதான் எனக்கு அது தெரியும்.

காட்டைக் கூட்டுவது அத்தோடு நின்றது. யாருக்கும் ஞானம் வந்து நிறுத்தவில்லை. தலைவருக்கு உடம்பில் தெம்பில்லை, மற்றவர்களுக்கு நேரமில்லை. காடு மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பலா இலை உதிர்த்தது, நாவல் உதிர்த்தது, மூங்கில் உதிர்த்தது. யாரும் வாரவில்லை. இலை இலையாக விழுந்து, நனைந்து, அழுகி, கறுத்து, பற்றைகள் தலைதூக்கி, மறுபடியும் அட்டைகள் வந்தன. அட்டை ஒன்று என் காலில் ஏறியபோது வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வகுப்பில் அந்தப் பாடம் வந்தால் இப்போது நான் விடையைச் சொல்லி எழுதவிடுவதில்லை. எங்கள் தாங்கியின் கதையைச் சொல்கிறேன். பரீட்சைக்கு வருமா சேர் என்று கேட்கிறார்கள்.

அடுத்த வருடம் முழுவதும் தாங்கியில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் அடுத்த வருடம், மழை எல்லாம் ஓய்ந்து நல்ல வெயில் அடித்த ஒரு தைக் காலையில், தாங்கியிலிருந்து தண்ணீர் வழியும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. கை நிறைய அள்ளினேன். கண்ணாடி மாதிரித் தெளிவு. உடனே கடைக்குத் தொலைபேசி எடுத்து மனைவியிடம் சொன்னேன்.

"கலங்கலா, தெளிவா?" என்று கேட்டாள்.

"தெளிவு. சுத்தத் தெளிவு."

பின்னால் யாரோ பில் கேட்டார்கள். "சரிங்க. தாங்கிய ஒருக்காக் கழுவி வைங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தலைவர் கூட்டம் கூட்டினார். மெலிந்திருந்தாலும் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது. ஊற்றுத் திரும்பியது சங்கத்தின் முயற்சிக்குக் கிடைத்த வெற்றி என்றார். அதைக் கொண்டாட வருகிற போயாவில் எல்லோரும் காட்டடியில் ஒன்றுகூட வேண்டும் என்றார். கூட்டுவதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அதுவரைக்கும் நிம்மதி. பிறகு என்னோடு வந்திருந்த என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அண்டைக்குப் போலை நீர்தான் பார்சல் போடவேணும். உம்மட கைச் சமையல் சாப்பிட்டு எவ்வளவு காலம்! இப்பதான் தண்ணியும் வந்திட்டுதே."

"அண்டா இல்லீங்க ஐயா" என்றாள் அவள். "போயாவுக்கும் எனக்குக் கடையில வேலை இருக்கு. எத்தனை பேருன்னு சொல்லுங்க, கீழ சாப்பாட்டுக் கடையில ஆர்டர் குடுத்துடுறேன்."

தலைவர் கதிரையில் உட்கார்ந்தார். நானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் உடுப்பு மாற்றாமல் நேரே சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். முன்பு அரிசி கழுவும்போது நிற்கிற இடத்தில் நின்று, வெறும் தொட்டியில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பரிசோதகருக்குச் சொல்லலாமே, மறுபடி தொடங்கலாமே, அண்டா வாங்கிக்கொள்ளலாமே என்று நான் பின்னால் நின்று அடுக்கிக்கொண்டு போனேன்.

"பிள்ளைங்க எல்லாம் வேற எடத்துல சாப்பிடப் பழகிட்டாங்க" என்றாள் திரும்பாமல். "எனக்கும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கத் தெம்பு இல்லீங்க. இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டு நான் இப்ப என்ன செய்ய?"